காற்றைக் கையில் கொடுங்கள்

(‘அறிவியல் மாணவர் மனத்தில் நிலைப்பது ஆசிரியர் சொல்லிக் கொடுப்பதாலா? மாணவர் செய்து பார்ப்பதாலா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘செய்து பார்ப்பதாலே’ என்னும் அணியில் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே! மூச்சு விடாமல் பேசிவிட்டு இப்போது மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எதிரணித் தலைவி அம்மா அவர்களே!

நான் எழுந்திரிக்கும்போதே அந்த அம்மா பக்கத்திலே இருந்தவரிடம் கேட்டாங்க: “தமிழ்ப் பேராசிரியர், முனைவர் பட்டம் வாங்கினவர், இவருக்கும் காற்றழுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?” எனக்குக் காது நல்லாக் கேக்கும்மா. முப்பது வருஷமா வகுப்பறையிலே காற்றை வச்சுத்தான் பிழைப்பு நடத்துறேன். வாயைத் திறந்தா வர்றது காற்றுதானே! (சிரிப்பு)

அம்மா வச்ச வாதம் என்ன? ஆசிரியர் தெளிவாச் சொன்னா போதும். சோதனைங்கிறது வேடிக்கை. பிள்ளைங்க டம்ளரைப் பார்ப்பாங்க, தண்ணியைப் பார்ப்பாங்க, கை தட்டுவாங்க, வீட்டுக்குப் போயிடுவாங்க. தத்துவம் மண்டையிலே ஏறாது. அப்படிப் பார்த்தே ஆகணும்னா செல்போன்லே படம் இருக்கு, போட்டுக் காட்டலாம். இதுதானே? சரி, பார்த்துடுவோம்.

ஐயா, இந்தக் கண்ணாடி டம்ளர்லே விளிம்பு வரைக்கும் தண்ணி இருக்கு. இது போன வாரம் எனக்கு வந்த கல்யாணப் பத்திரிகை. மொய் எழுதியாச்சு, இனிமே இதுக்கு வேலை இல்லை. (சிரிப்பு) நல்ல வழவழப்பான அட்டை. டம்ளர் மேலே மூடுறேன். உள்ளங்கையாலே அட்டையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே கவிழ்க்கிறேன். ஐயா, அந்தப் பட்டுச் சால்வையோட அசையாம உட்காருங்க. உங்க தலைக்கு நேர் மேலே பிடிச்சிருக்கேன். இப்போ அட்டையிலேருந்து கையை எடுக்கிறேன்...

(கைதட்டல்)

ஒரு சொட்டு விழலை. அட்டை அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்குது. நீங்க எல்லாரும் அட்டையைப் பார்த்தீங்க. நான் நடுவரைப் பார்த்தேன். கையை எடுக்கிற நேரத்திலே ஐயா கண்ணை இறுக்கி மூடிட்டார்! (சிரிப்பு) ஏன் ஐயா மூடினீங்க? ‘காற்று எல்லாத் திசையிலும் அழுத்தும், கீழிருந்து மேலாகவும் அழுத்தும்’ என்று நீங்களும் ஒரு காலத்திலே எழுதி மார்க் வாங்கினவர்தானே? எழுதின கை நம்பிடுச்சு, தலை நம்பலை. படிச்ச படிப்பு தாளுக்குப் போயிருக்கு, தோலுக்கு வரலை.

இதையே செல்போன்லே காட்டியிருந்தா ஐயா கண்ணை மூடியிருப்பாரா? மூட மாட்டார். நனையப் போறவன் வேற எவனோ!

ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பு மேலே ஏறத்தாழ 1 கிலோ எடை அளவுக்குக் காற்று அழுத்துது. என் உள்ளங்கை 100 சதுர சென்டிமீட்டர்னு வச்சுக்குங்க. அப்போ என் கைமேலே 100 கிலோ. ஒரு மூட்டை அரிசிக்கும் மேலே. இதை வாயாலே சொன்னா எந்தப் பிள்ளை நம்பும்? “சார், எனக்குக் கை வலிக்கலையே”ன்னு கேக்கும். கேக்கணும். மேலேயிருந்து எவ்வளவு அழுத்துதோ அவ்வளவு கீழேயிருந்தும் அழுத்துது, அதனாலே கை சும்மா இருக்கு. அந்தச் சமநிலையைக் கொஞ்சம் கலைச்சாத்தான் காற்று தன் பலத்தைக் காட்டும்.

மேசை விளிம்பிலே ஒரு மர ஸ்கேலை வைங்க. பாதி வெளியே நீட்டிக்கிட்டு இருக்கட்டும். உள்ளே இருக்கிற பாதி மேலே ஒரு நாளிதழை விரிச்சு, சுருக்கம் இல்லாம மேசையோடு மேசையா நீவி விடுங்க. வெளியே நீட்டின பக்கத்தை மெதுவா அழுத்தினா பேப்பர் பாட்டுக்குத் தூக்கிக்கும். அதையே படக்குன்னு ஓங்கி அடிச்சுப் பாருங்க. பேப்பர் எழுந்திரிக்காது, ஸ்கேல் ஒடிஞ்சு போகும். விரிச்ச பேப்பர் 4000 சதுர சென்டிமீட்டர்னா, அதுமேலே நிக்கிற காற்றோட அழுத்தம் 4 டன் கணக்கு. மெதுவா அழுத்தும்போது பேப்பருக்கு அடியிலேயும் காற்று புகுந்துடுது, ரெண்டு பக்கமும் சரியாப் போயிடுது. படக்குன்னு அடிக்கும்போது புகுறதுக்கு நேரம் இல்லை. 4 டன்னும் முழுசா வந்து உட்காருதுன்னு நான் சொல்ல வரலை. அதிலே ஒரு சின்னப் பங்கு வந்தாலே ஸ்கேல் தாங்காது. செய்தியிலே கனமே இல்லாத பேப்பருக்கும் இந்தக் கனம் உண்டு! (சிரிப்பு)

நான் தமிழ் வாத்தியார், என் சரக்குக்கு வர்றேன். புறநானூற்றிலே 30-ஆம் பாட்டு, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியது. ஞாயிறு போகிற பாதை, காற்று இயங்குகிற திசை, எந்தப் பிடிமானமும் இல்லாமல் நிற்கிற ஆகாயம், இதையெல்லாம் நேரே போய் அளந்து வந்தவர்கள் போல இவ்வளவு என்று சொல்லுகிறவர்களும் உண்டு என்கிறார் புலவர். இந்தப் பாட்டை இருபத்தைந்து வருஷம் நடத்தியிருக்கேன். “பாருங்கள், அன்றே சொன்னான் தமிழன்!” என்று முழங்கிக் கைதட்டும் வாங்கியிருக்கேன். ஆனா புலவர் ‘அளந்து வந்தவர் போல’ன்னு ஒரு வார்த்தை போட்டு வச்சிருக்காரே, அதை நான் கவனிக்கவே இல்லை. சொன்னான் சொன்னான்னு சொன்னேனே தவிர, அளந்தானான்னு ஒரு நாளும் கேக்கலை.

காற்று இல்லாத இடம்னா என்னன்னு எனக்குக் காட்டினது ஒரு தகர டின்தான். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். எங்க கல்லூரி இயற்பியல் பேராசிரியர் ஒரு காலி எண்ணெய் டின்னைக் கொண்டாந்தார். அடியிலே கொஞ்சம் தண்ணி ஊத்தி, வாயைத் திறந்து வச்சு, அடுப்பிலே ஏத்தினார். தண்ணி கொதிச்சு ஆவி குபுகுபுன்னு வந்துச்சு. அந்த ஆவி உள்ளே இருந்த காற்றைத் துரத்திடுச்சு. டின்னைக் கீழே இறக்கி, மூடியை இறுக்கி, மேலே ஒரு குடம் பச்சைத் தண்ணியை ஊத்தினார். உள்ளே இருந்த ஆவி குளிர்ந்து தண்ணியாச்சு. உள்ளே அழுத்தம் குறைஞ்சு போச்சு. வெளியே இருக்கிற காற்று சும்மா இருக்குமா? டமார் டமார்னு சத்தம், டின் நாலு பக்கமும் நெளிஞ்சு அப்பளமாப் போச்சு. ஒரு பாட்டி, “யாருடா அது, மிதிக்கிறது?”ன்னு எழுந்திரிச்சுட்டாங்க. (சிரிப்பு) இங்கே ஆசிரியர்கள் வந்திருக்கீங்க, ஒண்ணு சொல்லிடுறேன். அடுப்பை விட்டு இறக்கின பிறகுதான் மூடணும். அடுப்பு மேலே வச்சு மூடினா அதுக்குப் பேரு சோதனை இல்லை, வெடிகுண்டு.

இப்போ அந்த அம்மா வச்ச பெரிய வெடிக்கு வர்றேன். “மெழுகுவத்திச் சோதனை பிள்ளைங்களுக்குப் பொய்யைத்தானே கத்துக் கொடுத்துச்சு?”ன்னு கேட்டாங்க. நல்ல கேள்வி. இந்த மேடையிலே இன்னைக்கு வந்த வாதங்கள்லே எனக்கு உறைச்சது அதுதான். ஏன் உறைச்சதுன்னு சொல்றேன்.

1982. நான் ஒன்பதாம் வகுப்பு. எங்க பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன். அதுவரைக்கும் பூட்டிக் கிடந்த ஆய்வக பீரோவை அன்னைக்குத்தான் திறந்தாங்க. அறிவியல் ஆசிரியர் ஒரு தட்டிலே தண்ணி ஊத்தி, நடுவிலே மெழுகுவத்தியை ஏத்தி, மேலே ஒரு கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்தார். கொஞ்ச நேரத்திலே சுடர் அணைஞ்சுது. தட்டிலே இருந்த தண்ணி ஜாடிக்குள்ளே ஏறுச்சு. ஆசிரியர் சொன்னார்: “காற்றிலே ஐந்திலே ஒரு பங்கு ஆக்சிஜன். மெழுகுவத்தி அதைத் தின்னுடுச்சு. அந்தக் காலி இடத்துக்குத் தண்ணி ஏறுது.” அதிகாரி தலையாட்டினார்.

என் பெஞ்சிலே பக்கத்திலே இருந்தவன் எழுந்திரிச்சான். “சார், ஜாடியைக் கவிழ்த்தவுடனே விளிம்பு வழியாக் குமிழி வெளியே வந்துச்சே சார், அது என்ன? அப்புறம், எரியும்போது தண்ணி ஏறலையே சார். அணைஞ்ச பிறகுதானே சரசரன்னு ஏறுச்சு?”

வகுப்பே அமைதி. அதிகாரி ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் அவனைப் பார்த்தார். அதிகாரி போன பிறகு பிரம்பு பேசுச்சு. அன்னைக்கு மிச்சப் பொழுது முழுக்க அவன் வராந்தாவிலே முட்டி போட்டிருந்தான். பேர் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம். அந்த ஆசிரியரையும் நான் குத்தம் சொல்லலை, அவருக்கு அவரோட ஆசிரியர் சொன்னது அது. ஆனா ஐயா, அந்தக் குமிழியை நானும் பார்த்தேன். அவன் கேட்டப்போ “ஆமா சார், நானும் பார்த்தேன்”னு நான் சொல்லலை. பரீட்சையிலே, ஆக்சிஜனைத் தின்னுடுச்சுன்னு எழுதி முழு மார்க் வாங்கினேன். அவன் பார்த்ததை எழுதினான். அறிவியல்லே பெயில். அந்த வருஷத்தோட பள்ளிக்கூடத்தை விட்டுட்டான்.

அவன் பார்த்தது சரின்னு இன்னைக்குத் தெரியும். சுடர் சூட்டிலே ஜாடிக் காற்று விரிஞ்சு கொஞ்சம் வெளியே போயிடுது. அதுதான் குமிழி. சுடர் அணைஞ்சதும் உள்ளே இருக்கிற காற்று குளிர்ந்து சுருங்குது, நீராவி தண்ணியா மாறுது, அழுத்தம் குறையுது. வெளிக்காற்று தண்ணியை உள்ளே தள்ளுது. ஆக்சிஜன் முழுக்கத் தீர்றதே இல்லை. சுடர் அணையும்போது பாதிக்கு மேலே மிச்சம் இருக்கும். எரிஞ்ச ஆக்சிஜனுக்குப் பதிலா கார்பன் டை ஆக்சைடும் வந்துடுது. நம்பலையா? ஒரு மெழுகுவத்தி வச்சு ஒரு தடவை பாருங்க, அதே ஜாடியிலே மூணு வச்சு ஒரு தடவை பாருங்க. மூணு வச்சா தண்ணி இன்னும் உயரமா ஏறும். ஜாடி ஒண்ணுதானே, ஆக்சிஜனும் அதே அளவுதானே? கணக்கு எங்கே உதைக்குது பார்த்தீங்களா?

அம்மா, பொய் சொன்னது மெழுகுவத்தி இல்லைம்மா. மெழுகுவத்தி குமிழியையும் காட்டுச்சு, எப்போ ஏறுச்சுன்னும் காட்டுச்சு. மேலே ஏத்தி வச்ச விளக்கம் இருக்கே, அதுதான் தப்பு. அந்தத் தப்பைப் பிடிச்சது ஒரு பையனோட கண்ணு. அவன் கையிலே இன்னும் ரெண்டு மெழுகுவத்தியைக் கொடுத்திருந்தா அன்னைக்கே தீர்ந்திருக்கும். (கைதட்டல்)

கதை முடியலை. சில வருஷத்துக்கு முன்னாலே, ஊரிலே எங்க பூர்வீகக் கிணத்திலே தண்ணி இறங்கிப் போச்சு. மேலே மேடையிலே இருந்த 3 குதிரைத்திறன் மோட்டார் ஓடுது, தண்ணி வரலை. கடையிலே கேட்டேன். “பவர் பத்தலை சார், 5 போடுங்க”ன்னாங்க. போட்டேன். வரலை. ஃபுட் வால்வை மாத்தினேன். காற்று புகுதோன்னு சாணியைக் கரைச்சு ஊத்தினேன். ஒண்ணும் நடக்கலை. அடுத்து ஏழரைக்கு விலை கேக்கலாம்னு இருந்தப்போ, “பக்கத்து ஊரிலே ஒரு மெக்கானிக் இருக்கார், கூட்டிட்டு வரட்டுமா?”ன்னு சித்தப்பா கேட்டார். வந்து இறங்கினான். யாரு? என் பெஞ்சுக்காரன்.

கிணத்தை எட்டிப் பார்த்தான். கயிறு விட்டு அளந்தான். 38 அடி. சிரிச்சான். “ஏண்டா, டாக்டர் பட்டமெல்லாம் வாங்கினியே, காற்றழுத்தத்துக்கு எத்தனை மார்க் வாங்கினே?”

“முழு மார்க்குடா.”

“அப்புறம் ஏண்டா 5 குதிரையை வாங்கினே? மோட்டார் தண்ணியை இழுக்குதுன்னு நினைச்சியா? அது குழாய்க்குள்ளே அழுத்தத்தைக் குறைக்குது, அவ்வளவுதான். கிணத்துத் தண்ணி மேலே உட்கார்ந்திருக்கிற காற்றுதான் தண்ணியைக் குழாய்க்குள்ளே ஏத்தி விடுது. அதோட தெம்பு 34 அடி. நடைமுறையிலே 25 அடி தாண்டினாலே தகராறு. நீ 50 குதிரை போட்டாலும் 38 அடிக்கு வராது. மோட்டாரைக் கீழே இறக்கு. மேலே தள்றதுக்குத்தான் மோட்டாருக்குத் தெம்பு வேணும்.”

20 அடி கீழே கிணத்துச் சுவரிலே திட்டு கட்டி மோட்டாரை இறக்கினோம். அதே பழைய 3 குதிரை. சுவிட்சைப் போட்டான். தண்ணி வந்து விழுந்துச்சு. எனக்குத்தான் முகத்திலே அறைஞ்ச மாதிரி இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து புத்தகங்களைத் தேடினேன். இந்த 34 அடி விவகாரம் பெரிய மேதைகளையே ஆட்டி வச்சிருக்கு. உறிஞ்சு பம்பு ஓர் அளவுக்கு மேலே தண்ணியைத் தூக்காதுன்னு 1638-லே வந்த நூலிலே கலிலியோ எழுதுறார். காரணம்? நீளமான கயிறு தன் எடை தாங்காம அறுந்து போற மாதிரி, தண்ணித் தூணும் அறுந்து போகுதாம். கலிலியோ சொன்ன விளக்கம் ஐயா! தப்பு. அவர் சீடர் டாரிசெல்லி 1643-வாக்கிலே தண்ணிக்குப் பதிலாப் பாதரசத்தை எடுத்தார். தண்ணியைவிட 13.6 மடங்கு கனம். அது 76 சென்டிமீட்டர் உயரத்திலே நின்னுடுச்சு. பெருக்கிப் பாருங்க, தண்ணிக்கு 10.3 மீட்டர். நம்ம மெக்கானிக்கோட 34 அடி!

அப்போ தாங்கிப் பிடிக்கிறது வெளிக்காற்றுன்னா, மலை மேலே காற்று குறைவு, அங்கே பாதரசம் இறங்கணுமே? பிரான்சு நாட்டிலே பாஸ்கல் இதைப் பார்க்கணும்னு நினைச்சார். அவருக்கோ உடம்பு சரியில்லை. யாரை அனுப்பினார் தெரியுமா? அக்கா வீட்டுக்காரரை! (சிரிப்பு) மச்சினன் பேச்சைக் கேட்டு மலை ஏறின மாமன்கள் நம்ம ஊர்லே மட்டும் இல்லை. 1648 செப்டம்பர் 19-ஆம் தேதி பெரியே என்கிற அந்த மனுஷன் புய் தெ தோம் மலையிலே பாதரசக் குழாயோட ஏறினார். உச்சியிலே 8 சென்டிமீட்டருக்கு மேலே இறங்கியிருந்துச்சு. கீழே ஊரிலே மடாலயத் தோட்டத்திலே இன்னொரு குழாயை நட்டு வச்சு, காவலுக்கு ஒரு பாதிரியாரையும் உட்கார வச்சுட்டுப் போயிருந்தார். அந்தக் குழாயிலே நாள் முழுக்க மாற்றம் இல்லை. மேலேயும் அளந்தான், கீழேயும் அளந்தான். அதுதான் எனக்குப் பிடிச்சது.

“அரசுப் பள்ளியிலே இதுக்கெல்லாம் வசதி ஏது?”ன்னு எதிரணித் தம்பி கேட்டார். மத்தியப் பிரதேசத்திலே ஹோஷங்காபாத் மாவட்டத்திலே 1972-லே 16 கிராமப் பள்ளிக்கூடத்திலே ஆரம்பிச்சாங்க தம்பி. பிள்ளைங்க தாங்களே சோதனை செஞ்சு, தாங்களே எழுதணும். ஊசிக்குப் பதிலாக் கருவேல முள். பரீட்சைக்குப் புத்தகத்தைத் திறந்து வச்சுக்கலாம். பக்கத்திலே இல்லாத விடையைத்தானே கேக்கப் போறாங்க! முப்பது வருஷம் நடந்துச்சு. 2002-லே மாநில அரசு நிறுத்திடுச்சு. நிறுத்தினது பணம் இல்லாமலா, மனசு இல்லாமலா, அது வேற பட்டிமன்றம்.

போன வருஷம் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் அம்மாவிடம் அனுமதி வாங்கிக்கிட்டு அவனைக் கூட்டிட்டுப் போனேன். வர மாட்டேன்னான். “நான் பெயிலாப் போனவன்டா”ன்னான். இழுத்துட்டுப் போனேன். ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்ச் நாற்பது வாங்கினோம், ஆளுக்கு ஒண்ணு. முனையைக் கட்டைவிரலாலே அடைச்சுக்கிட்டு அமுக்கச் சொன்னான். பாதி வரைக்கும் போகுது, அதுக்கு மேலே கை திணறுது. விட்டா திரும்பி ஓடி வருது. “உள்ளே யாரு தள்றா?”ன்னான். “காத்து!”ன்னு நாற்பது குரல். பாதி இடத்திலே அடைச்சா ரெண்டு மடங்கு அழுத்தம்னு 1662-லே பாயில் எழுதின விதியை நாற்பது கட்டைவிரல் படிச்சிடுச்சு. ஒரு பொடியன், “ஐயா, இதுக்குள்ளே காத்தே இல்லாம இழுத்தா?”ன்னு கேட்டான். கேள்வி வந்துடுச்சு பாருங்க.

அப்புறம் தட்டு, தண்ணி, மெழுகுவத்தி, கண்ணாடி ஜாடி. அவன் எதுவுமே சொல்லலை. ஏத்தினான், கவிழ்த்தான். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. மூணாவது வரிசையிலே ஒரு பெண் பிள்ளை, பாவாடையை இழுத்து விட்டுக்கிட்டு எழுந்திரிச்சு, “ஐயா, ஓரத்திலே குமிழி வந்துச்சு”ன்னா.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் அந்தப் பிள்ளைகிட்டே போய்க் குனிஞ்சு, “எப்போ வந்துச்சு? முதல்லயா, கடைசியிலயா? நல்லா யோசிச்சுச் சொல்லு தாயி”ன்னு கேட்டான். அவள் சொன்னா. பக்கத்திலே இருந்தவ, “ஆமாங்கய்யா, நானும் பார்த்தேன்”னா.

மணி அடிச்சுட்டீங்க ஐயா. அந்த டம்ளரை இப்படிக் கொடுங்க. தொண்டை வறண்டு போச்சு, தண்ணியைக் குடிச்சுட்டு உட்கார்ந்துக்கிறேன். பத்திரிகையை நீங்களே வச்சுக்குங்க, வீட்டிலே பேரப்பிள்ளைகிட்டே செஞ்சு காட்டும்போது கண்ணை மட்டும் மூடாதீங்க.

(கைதட்டல்)